பின்னால் வருபவர் பேசவும்

"பேசுங்க! ஏதாச்சும் பேசிக்கிட்டே வாங்க!"

திரும்பிப் பார்க்காமல்தான் கத்துகிறார். கையில் குதிரையின் கயிறு, கண் குதிரையின் காதுகள் மேல். பின்னால் வருவது சைக்கிளா, ஓடிப் பழகுகிறவரா, குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியா என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு வாய் இருக்க வேண்டும். அந்த வாய் திறக்க வேண்டும்.

முதல் நாள் என்னிடம் அப்படிக் கத்தியபோது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசினால் தொண்டை கட்டிவிடும். சைக்கிளை மெதுவாக்கி, "என்ன பேசுறது?" என்று கேட்டேன்.

"அதான் பேசிட்டீங்களே. போங்க, போங்க."

குதிரை என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மரியாதையாகக் கடந்து போனேன்.

அந்தப் பாதையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சரளை கொட்டிச் சமப்படுத்தி, 'நடப்பவர், ஓடுபவர், சைக்கிள், குதிரை அனைவருக்கும்' என்று நுழைவாயிலில் பலகை வைத்தார்கள். எழுதுகிறவருக்கு என்ன, சுலபமாக எழுதிவிட்டார். பாதையின் அகலம் எட்டடி, இரண்டு பக்கமும் புதர். நடுவில் ஓடையின் மேல் ஓர் இரும்புப் பாலம், அது ஐந்தடி. இதற்குள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டவர்கள், நாயை இழுத்துப் போகிறவர்கள், நாய் இழுத்துப் போகிறவர்கள், கைகோத்து வரிசையாக நடக்கும் குடும்பங்கள் எல்லோரும் போக வேண்டும். இவர்களுக்கு நடுவே தினமும் காலை ஆறரைக்குக் குதிரையோடு வருகிறார் குதிரைக்கார அக்கா.

எழுபது வயது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவருக்கு ஐம்பதைத் தாண்டி இரண்டு மூன்று இருக்கலாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கணவரின் பழைய சட்டை, அதன் பையில் எப்போதும் நறுக்கிய கேரட். "எனக்கு மூணு பொண்ணுங்க. அதுல ரெண்டு குதிரை" என்பார். குதிரைகளைப் பெரியவ, சின்னவ என்றே அழைக்கிறார். வெளியூரில் நர்ஸாக இருக்கும் மூன்றாவது பெண்ணுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு என்று கேள்வி.

லாயம் பாதையின் இந்த முனையில். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் குதிரையேற்றம் சொல்லித்தரும் மைதானம் அந்த முனையில். இடையே இரண்டு கிலோமீட்டர். பாதையை விட்டால் நெடுஞ்சாலைதான். "நான் லாரி டிரைவர் பொண்டாட்டிங்க. ரோட்டு லட்சணம் எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் ஓட்டுற ரோட்டுல என் குதிரையை விட மாட்டேன்" என்று சொல்லும்போது அந்த வீட்டுக்காரர் பக்கத்திலேயே வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தார்.

ஏன் பேச வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் அக்காவுக்கு உற்சாகம் வந்துவிடும். "சைக்கிள்ல வர்றது மனுஷன்னு குதிரைக்கு எப்படிங்க தெரியும்? தலையில ஓடு மாதிரி ஏதோ இருக்கு, காலு சுத்துது, சத்தமே இல்லாம பின்னாடி பாயுது. நம்மளைத் திங்கத்தான் வருதுன்னு நினைச்சுக்கும். நீங்க வாயைத் திறந்தீங்கன்னா, அட, மனுஷப் பயதானான்னு விட்டுடும்."

ஆக, பாதையில் எல்லோரும் பேசுகிறார்கள். தலைமையாசிரியர் அன்றைய செய்தித்தாளின் தலைப்புகளை ஒப்பிக்கிறார். மூச்சு வாங்க ஓடிவரும் வங்கி மேலாளரால் "அம்மா... அம்மா..." என்றுதான் சொல்ல முடிகிறது, குதிரைக்கு அதுவே போதும். ஒரு தம்பதி நாள் தவறாமல் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். அவர்களிடம் மட்டும் அக்கா எதுவும் கேட்பதில்லை. நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறேன். ஏழெட்டு ஐம்பத்தாறுக்குள் குதிரையைத் தாண்டிவிடலாம்.

பிறரிடம் கறாராக இருப்பவர் தன்னிடம் அதைவிடக் கறார். ஆள் வரும் பக்கமாக மாறி நின்று, குதிரைக்கும் வருகிறவருக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துக்கொள்வார். கயிற்றைக் குதிரையின் தாடையிலிருந்து ஒரு சாண் விட்டுப் பிடித்திருப்பார். அந்தச் சாண் இரண்டாகி நான் பார்த்ததில்லை. பாலத்துக்கு முன்னால் நின்று எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் ஏறுவார். வாளியும் சிறு மண்வெட்டியும் கூடவே வரும். பாதையில் குதிரை லத்தி விழுந்தால் அடுத்த நிமிடம் அது வாளியில் இருக்கும். அதற்கு ரோஜாச்செடி வளர்க்கிறவர்களிடையே போட்டி வேறு. "பாதை உங்க அப்பா வீட்டுச் சொத்தான்னு ஒருத்தர் கேட்டாருங்க. இல்லீங்க, அதனாலதான் ஒதுங்கி நிக்கிறேன்னேன்."

இப்படிப்பட்டவர் மேல்தான் புகார் வந்தது.

கொடுத்தவர் பல் டாக்டர். மெல்லிய டயர் போட்ட சைக்கிளில் அம்பு மாதிரி போகிறவர். பலகையில் 'முந்தும்போது மணி அடிக்கவும்' என்று எழுதியிருந்ததால், அதன்படியே பெரியவளின் முதுகுக்குப் பின்னால் வந்து மணி அடித்தார். பெரியவள் ஒரே துள்ளாகப் பக்கவாட்டில் துள்ள, டாக்டர் ஹேண்டிலைத் திருப்பிப் புதருக்குள் போய் விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பல் பிடுங்குகிற கைக்கு இரண்டு மாதம் கட்டு. குதிரைகளைப் பாதையில் விடவே கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்ததில் வியப்பில்லை. சனிக்கிழமை வந்து பார்த்து முடிவு சொல்வதாகப் பாதையைப் பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது.

கடிதத்தை என்னிடம் காட்டினார். பிழை எதுவும் இல்லாத கடிதம். "பாதை போச்சுன்னா லாயம் போச்சுண்ணே. சின்னவளை எவனாச்சும் வாங்கிப்பான். பெரியவளுக்குப் பத்தொன்பது வயசு. அவளை வாங்குறவன் சவாரிக்கா வாங்குவான்?" பெரியவளின் நெற்றியைத் தேய்த்துவிட்டுக் கேரட் கொடுத்தார்.

சனிக்கிழமை அதிகாரி கோப்போடு வந்தார். டாக்டர் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். வழக்கமாக நடக்கும் நாங்கள் பத்துப் பேர், கேட்காமலேயே சாட்சிக்கு நின்றோம். பெரியவள் புல்லை மேய்ந்தபடி யாரையும் கண்டுகொள்ளாமல் இருந்தாள்.

"மிரளுற குதிரையை ஏன்மா பொதுப் பாதைக்குக் கூட்டிட்டு வர்றீங்க?" என்றார் அதிகாரி.

"சார், ஒரு நிமிஷம். அந்த மரத்தைப் பார்த்து நில்லுங்க" என்றார் அக்கா. அவரும் ஏனென்று கேட்காமல் திரும்பி நின்றார். அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் சைக்கிளில் சத்தமில்லாமல் போய், அவர் முதுகுக்குப் பின்னால் மணியை ஓங்கி அடித்தேன். அரசாங்க அதிகாரியிடம் இப்படி நடந்துகொள்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மனிதர் துள்ளிய துள்ளலில் கோப்பு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம்.

அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "உங்களுக்கு ரெண்டு காலு சார். அவளுக்கு நாலு." பிறகு என்னைத் தூரத்திலிருந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வரச் சொன்னார். இந்த முறை அதிகாரி அரையடி நகர்ந்து வழிவிட்டார், அவ்வளவுதான். தலைமையாசிரியர் கைதட்டியேவிட்டார்.

வென்றாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதோடு குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அக்கா அசையவில்லை.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க சார். அன்னிக்கு என் காதுல போன் இருந்துச்சு. மகளோட பேசிக்கிட்டு வந்தேன். இல்லன்னா டாக்டர் தூரத்துல வரும்போதே எனக்கு டயர் சத்தம் கேட்டிருக்கும், ஒதுங்கி நின்னு பேசச் சொல்லியிருப்பேன். மூணு பொண்ணுல ஒருத்திகிட்ட பேசப்போயி இன்னொருத்தியைக் கோட்டை விட்டுட்டேன். அவரு கை உடைஞ்சதுல என் தப்பும் இருக்கு."

வங்கி மேலாளர் 'வேண்டாம்' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அக்கா மேல் கோபமே வந்தது. யாரும் பார்த்திராத தப்பை இப்படியா அவிழ்த்துக் கொட்டுவது! அதிகாரி எழுதிக்கொண்டார். டாக்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் ரொம்பப் பக்கத்துல வந்துதான் மணி அடிச்சேன்" என்றார் கடைசியில், யாரிடமும் சொல்லாதது போல.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். தீர்ப்பு இதுதான்: மூன்று மாதம் குதிரைகள் வரலாம். அதற்குள் இன்னொரு விபத்து என்றால் பேச்சுக்கே இடமில்லை. பலகையில் ஒரு வரி கூடுதலாக எழுதப்படும்: 'குதிரையைக் கண்டால் வேகத்தைக் குறைத்துப் பேசிக்கொண்டே வரவும்.' அந்த வரியை நான்தான் பிழை திருத்திக் கொடுத்தேன்.

இப்போது அக்காவின் கைப்பேசி காலை முழுவதும் லாயத்து ஆணியில், பழைய ஒற்றை ரப்பர் பூட்ஸுக்குள் தொங்குகிறது. அது அடித்தால் வீட்டுக்காரர் எடுத்து, "உங்க அம்மா உன் அக்காவோட போயிருக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். கயிற்றின் அந்த ஒரு சாண் முக்காலாகிவிட்டது. ஆள் வரும்போது அக்காவின் விரல் முட்டிகள் வெளுப்பதைப் பார்க்கிறேன். கத்துகிற குரல் மட்டும் குறையவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில், பாலத்தைக் கடந்து அக்காவுக்கும் பெரியவளுக்கும் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். எனக்குப் பின்னால் மெல்லிய டயரின் சரசரப்பு கேட்டது. திரும்பினேன். பல் டாக்டர்தான், கட்டுப் பிரித்து முதல் முறையாக வந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் பிரேக்கைப் பிடித்து ஊர ஆரம்பித்தார். முகம் வெளிறியிருந்தது. பெரியவளுக்கு அவரிடம் இருந்த பயத்தைவிட அவருக்குப் பெரியவளிடம் பயம் அதிகம் என்று அப்போதுதான் புரிந்தது.

"பேசுங்க!" என்றார் அக்கா, வழக்கம்போலத் திரும்பாமல்.

டாக்டரின் வாய் திறந்தது, மூடியது. வார்த்தை வரவில்லை. பெரியவளின் காதுகள் விறைத்து நின்றன. அக்கா இரண்டாவது கையையும் கயிற்றில் வைத்தார். என் ஏழாம் வாய்ப்பாட்டைக் கடன் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"பயப்படாதீங்க..." என்று ஒரு குரல் வந்தது. கம்மிய, மெத்தென்ற குரல். "ஒண்ணுமில்ல... வாயை நல்லாத் திறங்க... இன்னும் கொஞ்சம்... வலிக்கவே வலிக்காது... அவ்வளவுதான், முடிஞ்சுது..."

முப்பது வருடமாக நாற்காலியில் சாய்ந்தவர்களிடம் சொன்னதை, வேறு எதுவும் வாயில் வராமல், அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். பெரியவளின் ஒரு காது மெல்ல அவர் பக்கம் திரும்பியது. பிறகு இரண்டுமே தளர்ந்தன.

அக்கா அந்தக் காதுகளைப் பார்த்தார். ஒரு கையை எடுத்தார். மற்றக் கையின் பிடியை நழுவவிட்டு, கயிற்றை ஒரு முழம் நீளமாக விட்டார்.