மார்லிஸ் குறியிட்ட கட்டம்

ஆர்வில் ஸ்கோக்லண்ட் எங்கள் மின்னசோட்டா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்குப் பக்கத்து வீடு. பனியில் பிள்ளைகள் யாராவது பேருந்துக்குத் தாமதமாக ஓடி வந்தால், வண்டியை எடுக்காமல் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்தபடி காத்திருப்பார். யாரையும் சங்கடப்படுத்த அவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவரும் மனைவி மார்லிஸும் சமையலறை மேசையில் வருமானவரிப் படிவத்தை நிரப்புவார்கள். மார்லிஸ் தொகைகளை வாசிப்பார், ஆர்வில் எழுதுவார். கடைசியில் இருவரும் கையெழுத்திடுவார்கள்.

போன இலையுதிர் காலத்தில், மார்லிஸ் சட்டப்படி பார்வையற்றவர் என்று மருத்துவர் கடிதம் கொடுத்தார். அதன்பின் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. குறியிட்டால் வரி குறையும். ஆர்வில் கடிதத்தைத் தூண்டில் பெட்டியில் ஒளித்துவைத்தார். உறைந்த ஏரியில் நாங்கள் மீன்பிடித்தபோது அது என் கையில் அகப்பட்டது.

"அந்தக் கட்டத்துல என் கையால எப்படிடா குறி போடுவேன்?" என்றார் ஆர்வில்.

இந்த பிப்ரவரியில், மீன்பிடிக்க ஏரிப் பனியில் துளையிட அவரிடம் இரவல் வாங்கிய கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இருவரும் மேசையில் இருந்தார்கள். மார்லிஸ் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தடுமாறாமல் தொகைகளை வாசித்துக்கொண்டிருந்தார். தாள் தலைகீழாக இருந்தது. ஆர்வில் பென்சிலைக் காகிதத்தில் படாமல் அசைத்துக்கொண்டிருந்தார்.

மார்லிஸ் நிறுத்தினார்.

"பென்சில் சத்தமே கேக்கலையே, ஆர்வில்."

ஆர்வில் பென்சிலை அசைப்பதை நிறுத்தினார்.

"நான் சொன்னது மனசுல இருந்த போன வருஷக் கணக்கு. நீ அதை எழுதியிருந்தாதான் எனக்குக் கவலை. டாக்டர் கடுதாசி எங்க?"

"தூண்டில் பெட்டியில."

"நல்ல இடம். மீனுங்க படிக்காது."

ஆர்வில் சிரித்துவிட்டார், ஆனாலும் படிவத்தைத் தொடவில்லை.

"இதே படிவத்துல அறுபத்தஞ்சு வயசாச்சுன்னு குறி போட்டப்ப கேக் வெட்டினோம். கிழவின்னு சொன்னதையே தாங்கிட்டேன், இதைத் தாங்க மாட்டேனா?" என்று மார்லிஸ் கையை நீட்டினார். "பென்சிலைக் குடு. இடத்தை மட்டும் காட்டு."

ஆர்வில் அவர் விரலைப் பிடித்துக் கட்டத்தின் மேல் வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை. குறி கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிவரை நீண்டது. ஆர்வில் அதை அப்படியே விட்டுவிட்டு, தாள்களைத் தன் பக்கம் இழுத்து, இந்த ஆண்டுத் தொகைகளை முதலிலிருந்து உரக்க வாசித்தபடி எழுதத் தொடங்கினார். வாசிப்பு வேகமெடுத்தது.

"மெதுவா. பின்னால பிள்ளைங்க ஓடி வருதுங்க," என்றார் மார்லிஸ்.