வலது காலின் கிரீஸ் கறை

ஓஜாராவின் சைக்கிள் இரண்டு வருடமாகக் குதிருக்குள், எள்ளுக்கடியில் கிடந்தது. சைக்கிளில் போகிறவன் அரசாங்கப் பட்டாளத்துக்குச் சேதி கொண்டுபோகிறவன், அவன் காலை வெட்டுவோம் என்று, பட்டாளத்தோடு சண்டையிட்ட காட்டுப்படைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்னதைச் செய்தும் காட்டினார்கள். கித்கும் சாலையில் மணிச்சத்தமே நின்றுபோயிற்று.

அவன் மனைவி அசிரோவுக்கு வலி கண்டு மூன்றாம் நாள். குழந்தை குறுக்கே கிடந்தது. மிஷன் ஆஸ்பத்திரி பதினான்கு மைல். கட்டிலோடு தூக்கிப் போகலாமென்று தம்பி நியெக்கோவிடம் ஓடினான்.

"தூக்க நாலு பேர் வேணும்ண்ணே. ஊர்ல ஆம்பள எத்தன பேரு மிச்சம்? அவனவன் புதருக்குள்ள பதுங்கிக் கெடக்கான்."

"அப்ப சைக்கிள எடுக்குறேன்."

"எடு. உன் கால வெட்டுறதோட விட்டுருவாங்களா? வீடு வீடா வருவாங்க. கேட்டா உன்னத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன், பாத்துக்க."

ஓஜாரா மூத்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டான். எள்ளைத் தரையில் கொட்டிவிட்டுச் சக்கரத்தை மாட்டினான். அசிரோவைக் கேரியரில் உட்காரவைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டான்.

"கல்யாணமான புதுசுல ஏத்துய்யான்னு கெஞ்சினேன், மாட்டேன்னுட்ட," என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி. "இப்ப ரெண்டு பேரா ஏறியிருக்கோம். மிதி."

பதினான்கு மைலும் ஒரு ஆள் எதிரே வரவில்லை. ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது, தாயும் பிழைத்தாள். சைக்கிளை அங்கேயே சுவரோரம் சாத்திவிட்டு, மூத்தவளை அழைத்துவர ஊருக்கு நடந்தான். நடந்து போகிறவனை யார் பிடிக்கப்போகிறார்கள்?

பாலத்தருகே நிறுத்திய காட்டுப்படைக்காரன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கால்சட்டையைப் பார்த்தான். எப்போதும் வலது கால்சட்டையைச் சுருட்டிவிட்டுத்தான் ஓஜாரா மிதிப்பான். அன்றைய அவசரத்தில் மறந்திருந்தான். விளிம்பெல்லாம் சங்கிலியின் கருப்பு கிரீஸ்.

"சைக்கிள் எங்க, மாமா?" என்றான் அவன், மரியாதையாகவே.

சண்டை ஓய்ந்துவிட்டது. இப்போது சாலை முழுக்க மணிச்சத்தம். அசிரோ பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போனபின் ஓஜாரா மாமரத்தடியில் தனியே இருக்கிறான். நியெக்கோவுக்குக் கிணற்றுக்குப் போக இதுதான் குறுக்கு வழி. அவன் சுற்றிப் போகிறான்.

"டேய், இந்தப் பக்கம் வந்தா உன் காலு ஒண்ணும் தேஞ்சிராது!" என்று ஓஜாரா ஒருநாள் கத்திப் பார்த்தான். தம்பி திரும்பவில்லை.

மணி கேட்கும்போதெல்லாம் கை தானாகக் கீழே போகிறது, வலது கால்சட்டையைச் சுருட்டிவிட. அதை அசிரோ முழங்காலுக்கு மேலேயே மடித்துத் தைத்துவிட்டிருக்கிறாள்.