மருந்தின் மேல் பழி வராமல் காத்த அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வீட்டுக்கு வந்து, உண்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அண்ணனின் வாழ்க்கையைச் சொல்ல அண்ணி என்னைப் பணித்தார். நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நான் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணன் குரோம்பேட்டையில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் ஆலையில் கூலித் தொழிலாளி. அண்ணன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய வருடம் அப்பா காலமானார். தேர்வு முடிவு வருவதற்குள் அண்ணன் ஒரு லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். அப்போது எனக்கு எட்டு வயது. என் பள்ளிக்கூடம், கல்லூரி, பி.எட்., கல்யாணம் எல்லாமே அண்ணனின் ஸ்டியரிங் பிடித்த கைகளால் நடந்தவை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அஸ்தினாபுரத்தில் அவர்கள் கீழ்வீட்டிலும் நானும் என் கணவரும் மாடியிலும் இருந்தோம்.

லாரியை விட்ட பிறகு அண்ணன் ஒரு டிராவல்ஸில் சேர்ந்தார். குரோம்பேட்டையிலிருந்து சிறுசேரிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களை ஏற்றிப் போகும் பஸ். பதினாறு வருடம் அதே தடத்தில் ஓட்டினார். யாராவது ஓடி வந்தால் நின்று ஏற்றிக்கொள்வார், ஆனால் யாருக்காகவும் வேகமாக ஓட்ட மாட்டார்.

அண்ணன் குடித்ததில்லை. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அண்ணனின் உடல் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தபோது, பந்தலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "லிவர் போச்சுன்னா வேற இன்னா, குடிதான்" என்றார் ஒருவர். "டிரைவருங்க எல்லாம் அப்படித்தான்" என்றார் மற்றவர். அவர்கள் இன்றும் வந்திருக்கலாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அண்ணனுக்கு இருந்தது சர்க்கரை. நேரம் தவறிச் சாப்பிட்டதும், நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததும் சேர்ந்து கல்லீரலில் கொழுப்பு படிந்து, வருடக்கணக்கில் ஒரு வலியும் இல்லாமல் அது சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு சொட்டு குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று டாக்டர் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அது வெளியே தெரிந்த விதம் இப்படி. ஒரு காலையில் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு போன அண்ணன் மேடவாக்கத்தில் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல் பள்ளிக்கரணைப் பக்கம் போய்விட்டார். முன் இருக்கையில் இருந்த பெண், "அண்ணா, இது நம்ம ரூட் இல்லையே" என்றார். அண்ணன் சற்று தூரம் ஓட்டினார். பிறகு பஸ்ஸை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"எனக்கு வழி தெரியலம்மா. நான் இனிமே ஓட்டக் கூடாது. ஆபீஸுக்கு போன் பண்ணி வேற ஆள வரச் சொல்லுங்க."

பஸ் ஷெட்டில், குடித்திருக்கிறாரா என்று பார்க்கக் கருவியில் ஊதச் சொன்னார்கள். ஊதினார். ஒன்றும் இல்லை. அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தோம். கெட்டுப்போன கல்லீரல் ரத்தத்திலிருந்து நீக்க வேண்டிய நஞ்சு நீங்காமல் மூளைக்குப் போவதால் வரும் குழப்பம் என்றார்கள். இரண்டு நாளில் தெளிந்தார். வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் உரிமத்தை அண்ணியிடம் கொடுத்து பீரோவில் பூட்டச் சொன்னார். பிறகு அதைக் கேட்கவே இல்லை.

கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பதிவு செய்தோம். முறை வரவில்லை. அந்த மருத்துவமனையில் இதே குழப்பம் திரும்ப வராமல் தடுக்க ஒரு மாத்திரையைப் பற்றி ஆய்வு நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வழக்கமான மருந்து உண்டு. அதோடு பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு அதே போலத் தோன்றும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது. தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தை அண்ணன் வீட்டுக்கு எடுத்து வந்து இரண்டு நாள் படித்தார். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஆய்வின் ஒருங்கிணைப்பாளரான ஜெனிஃபரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எனக்கு வெறும் மாத்திரை வந்துச்சுன்னா, நான் வர்றதுல உங்களுக்கு என்னம்மா பிரயோஜனம்?"

"அப்பவும் உங்களாலதான்ணா மருந்து நல்லதா இல்லையான்னு தெரியும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டார்.

தினமும் நிரப்ப ஒரு பதிவேடு கொடுத்தார்கள். தூங்கிய நேரம், மாத்திரை எடுத்த நேரம், மலம் கழித்த தடவை. அண்ணன் அதை, பஸ் ஓட்டிய நாளில் நேரமும் தூரமும் குறித்த ட்ரிப் ஷீட் போல எழுதினார், ஒரு நாள் தவறாமல். ஒவ்வொரு மாதமும் மூளைத் தெளிவைப் பார்க்க ஒரு தேர்வு உண்டு. தாளில் ஒன்று முதல் இருபத்தைந்து வரை எண்கள் சிதறிக் கிடக்கும். வரிசையாகக் கோட்டால் இணைக்க வேண்டும். ஜெனிஃபர் நேரம் பார்ப்பார். முதல் தடவை பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் அண்ணன் வெகுநேரம் தேடினார். நான் பக்கத்தில் இருந்தேன். என் கண்ணெதிரே தெரிந்த எண், அவருக்குத் தெரியவில்லை. மாதங்கள் போகப் போக மளமளவென்று இணைத்தார். "தேறிட்டீங்கண்ணா" என்று ஜெனிஃபர் சொன்னதற்கு, "தாள் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சோ என்னவோ, அதையும் பாருங்கம்மா" என்றார். தாளை மாற்றி மாற்றித்தான் தருகிறோம் என்ற பிறகே சிரித்தார்.

ஐந்து மாதம் ஒரு குழப்பமும் வரவில்லை. ஆனால் கண்ணில் மஞ்சள் மட்டும் போகவில்லை. அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை போயிற்று.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். மருந்து என்றால் என்ன, நஞ்சு என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். என்னோடு வேலை செய்யும் ஒருவர், வண்டலூர்ப் பக்கம் ஒரு ஆள் மஞ்சள் காமாலைக்குப் பொடி தருகிறார், மூன்று வாரத்தில் கண் வெளுத்துவிடும் என்றார். போய் வாங்கி வந்தேன். பொட்டலத்தில் பெயர் கூட இல்லை. வேறு எதையும் சாப்பிடக் கூடாது என்று ஆய்வுக்காரர்கள் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். அதனால் அண்ணனிடம் சொல்லவில்லை. காலை மோரில் கலந்து கொடுத்தேன். "என்னம்மா கசக்குது?" என்றார். "சீரகப் பொடிண்ணா" என்றேன். நம்பிக் குடித்தார். பதினெட்டு நாள் குடித்தார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் எல்லாம் ஏறியிருந்தன. டாக்டர் கேட்டார், "நாட்டு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர். நீங்க குடுத்தது மட்டும்தான்" என்றார் அண்ணன்.

நான் அவர் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

விதிப்படி ஆய்வு மாத்திரையை நிறுத்தினார்கள். மாத்திரையால் வந்த பாதிப்பாக இருக்கலாம் என்று ஜெனிஃபர் படிவத்தில் எழுதினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணனுக்கு அதே நினைப்பு. "அந்த மாத்திரைல எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு. என்னால அதுக்குக் கெட்ட பேரு" என்று இரண்டு தடவை சொன்னார். அன்றிலிருந்து நான் மோரில் எதையும் கலக்கவில்லை. சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் காலை, அண்ணி கடைக்குப் போயிருந்தபோது, சமையலறையில் அண்ணன் எதிரில் நின்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "மிச்சம் இருக்கா?" என்றார்.

பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நானும் வர்றேண்ணா. நானே சொல்றேன்."

"நீ ஸ்கூலுக்குப் போ. நானா வாங்கிச் சாப்பிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"சொன்னா உங்கள ஆய்வுல இருந்து எடுத்துடுவாங்க. அந்த மாத்திரைய திரும்பத் தரவே மாட்டாங்க."

"தெரியும்மா. ஆனா சொல்லலைன்னா மாத்திரை மேலதான் தப்புன்னு எழுதுவாங்க. அது நல்ல மாத்திரையா இருந்துச்சுன்னா? எத்தன பேருக்குக் கிடைக்காமப் போவும்?"

தனியாகப் பஸ் ஏறிப் போனார். பொடியைக் கொடுத்தார். தானே வாங்கியது என்றார். இத்தனை மாதம் எழுதிய பதிவேட்டில் ஒரு எழுத்தைக் கூட மாற்றி எழுதாத அண்ணன், அந்த ஆய்வில் சொன்ன ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னது.

பொடியில் ஈயம் கலந்திருந்ததாகப் பிறகு தெரிவித்தார்கள். மாத்திரையைத் திரும்பத் தர விதி இடம் கொடுக்கவில்லை. ஆறு வாரத்தில் குழப்பம் திரும்பி வந்தது. ஒரு நாள் அண்ணி மருந்து டம்ளரை நீட்டினார். முப்பது வருடத்தில் ஒரு கடுஞ்சொல் சொல்லாத அண்ணன், டம்ளரைச் சுவரில் எறிந்து, எழுதக் கூடாத வார்த்தைகளால் அண்ணியை ஏசினார். மறுநாள் தெளிந்ததும், "நேத்து நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டார். "தூங்கிட்டிருந்தீங்க" என்றார் அண்ணி.

மாத்திரை இல்லாவிட்டாலும் மாதப் பரிசோதனைக்கு அண்ணன் போவதை நிறுத்தவில்லை. "வரச் சொல்லியிருக்காங்க" என்பார். வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கப் போனார். கடைசித் தேர்வில் பதினொன்று வரை இணைத்தார். பென்சிலைத் தாளின் மேல் வைத்துவிட்டு, "இதுக்கு அப்புறம் எனக்குத் தெரியலம்மா" என்றார். ஜெனிஃபர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு ரத்த வாந்தி. உணவுக் குழாயில் புடைத்திருந்த ரத்தநாளம் வெடித்தது என்றார்கள். அடைத்தார்கள். அதன் பின்னாலேயே கிருமித் தொற்று. ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்து, ஒரு வியாழக்கிழமை முற்பகலில் அண்ணன் காலமானார்.

ஆய்வு சில மாதங்களுக்கு முன் முடிந்தது. ஜெனிஃபர் பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தார். அண்ணனுக்குக் கிடைத்தது வெறும் மாத்திரை அல்ல, மருந்துதான். "அண்ணா வந்து சொல்லலன்னா அந்த மருந்து மேலதான் எழுதியிருப்போம், மேடம்" என்றார். "மருந்து நிக்காம இருந்திருந்தா அண்ணன் இருந்திருப்பாரா?" என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார். இருந்திருப்பார் என்றும் சொல்லவில்லை, இருந்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலோடுதான் நான் இருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பெயரில்லாத பொட்டலம் இருந்தால், எவ்வளவு அன்போடு வாங்கியதானாலும், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அண்ணனைக் கடைசி வரை மரியாதையோடு நடத்திய டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஜெனிஃபருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரத்தம் தேவை என்றதும் ஷெட்டிலிருந்து வந்து கொடுத்த ஓட்டுநர்களுக்கும், வரிசையாக நின்று கொடுத்த சிறுசேரிப் பயணிகளுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த தெருக்காரர்களுக்கும் நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். பொடியைக் கொடுத்தது நான் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். தாள்களை மடித்து என் கையில் வைத்தார்.

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. தானா வாங்கிச் சாப்பிட்டேன்னு. இவ்வளவு தூரம் வந்து புத்தி கெட்டுப் போச்சான்னு கேட்டுட்டு, மூணு நாள் அவர்கிட்ட நான் பேசல."

பிறகு, "அப்படியே போடு, எதையும் எடுக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணி, அந்த மூன்று நாளை நான் எங்கிருந்து எடுத்து உங்களுக்குத் தருவேன்.