தீவுக்காரர்தான் வருவார்

அந்த மாலைப் பத்திரிகையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பிழை திருத்தும் வேலை பார்த்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஒற்றண்ணன். மற்றவர்கள் விட்டுவிடும் ப், க், த் முதலான ஒற்றெழுத்துகளைத் தேடிப்பிடித்துச் செருகுவதில் அவருக்கு அப்படியொரு வெறி. வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் சிவப்புப் பேனாவைத்தான் எடுப்பார். மணமக்களை வாழ்த்துவதெல்லாம் அதற்கப்புறம். இத்தனை ஆண்டுகளில் அவர் சொந்தமாக எழுதி ஒரு வரி அச்சேறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எழுதுகிறவன்தானே பிழை விடுவான்.

போப்பாண்டவர் இறந்த செய்தி காலை பத்தேகாலுக்கு வந்தது. அச்சுக்குப் போக ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அதில் இருபது நிமிடம், இறந்தவரை என்னவென்று எழுதுவது என்ற சண்டையில் போனது. போப்பாண்டவர் என்றார் ஒருவர், பாப்பரசர் என்றார் இன்னொருவர். வெறும் ‘போப்’ என்று போட்டால் எழுத்தைப் பெரிதாக்கலாம் என்றார் பக்க வடிவமைப்பாளர். மூலை மேசையிலிருந்து ஒற்றண்ணன் தலையை நிமிர்த்தாமலேயே, சபை வழக்கில் திருத்தந்தை என்பார்கள், இரண்டாம் பத்தியில் வருவது கார்டினல் இல்லை, கர்தினால் என்றார். சண்டை அதோடு முடிந்தது. ஆசிரியர் அவரை ஏதோ புதிதாக வந்து இறங்கியவர்போலப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க அந்த மதம்தானே?”

ஒற்றண்ணன் ஆமாம் என்றார். பூசைக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆயிற்று என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். தன் அக்கா ரோமில்தான் இருக்கிறாள், முப்பத்தோரு வருடமாகக் கன்னியாஸ்திரி என்று சும்மா இருக்கமாட்டாமல் வாயைக் கொடுத்தார். அக்கா அங்கே ஒரு மடத்தின் சலவை அறையைப் பார்த்துக்கொள்கிறாள் என்ற விவரத்துக்கு ஆசிரியர் காத்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்றாம் பக்கத்தில் ‘அடுத்த திருத்தந்தை யார்?’ என்ற பத்தி தொடங்கியது. மேலே ‘நமது ரோம் நோக்கர்’ என்ற பட்டத்தோடு ஒற்றண்ணனின் படம். வடிவமைப்பாளரின் கோட்டை மாட்டிவிட்டு எடுத்தார்கள். கை நீளம் கூடுதல் என்பதால் படத்தை மார்போடு வெட்டிவிட்டார்கள்.

முதல் நாள் எழுத உட்கார்ந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போது பக்கத்து மேசைக்காரர், அதாவது ராசிபலன் எழுதுகிறவர், நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னார்.

“எதைச் சொன்னாலும் கடைசில ‘வாய்ப்புண்டு’ன்னு முடிங்க. அந்த ஒரு வார்த்தைதான் என் குடும்பத்தையே காப்பாத்திக்கிட்டு இருக்கு.”

அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றண்ணன் கரையேறினார். இத்தாலியர் ஒருவர் வர வாய்ப்புண்டு, இத்தாலியர் அல்லாத ஒருவர் வருவதையும் மறுப்பதற்கில்லை என்று எழுதினார். வயதானவரைத் தேர்ந்தெடுத்தால் குறுகிய காலமும், வயது குறைந்தவரைத் தேர்ந்தெடுத்தால் நீண்ட காலமும் ஆட்சி நடக்கும் என்று எழுதினார். ஒன்பது கர்தினால்களைப் பட்டியலிட்டு, ஆளுக்கு இரண்டு வரி போட்டார். விளையாட்டுப் பக்கத்துக்காரர் அதைப் புள்ளிப் பட்டியலாக்கிக் கொடுத்தார்; தினமும் ஒருவர் இரண்டு இடம் ஏறுவார், இன்னொருவர் இறங்குவார். ஏன் ஏறினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் மரியாதை வந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில் மருத்துவர் இவர் வாய்க்குள் இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு அடுத்தது யார் என்று கேட்டார். பங்குச் சாமியாரே தொலைபேசியில் கூப்பிட்டார். பதினோரு வருடமாக ஏன் கோயில் பக்கம் காணோம் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்து ஒற்றண்ணன் எழுந்து நின்றுகொண்டார். சாமியார் கேட்டது அதுவல்ல, நாலாவது இடத்தில் இருந்தவர் எப்படி ஆறாவது இடத்துக்கு இறங்கினார் என்பது.

மசியாதவர் மனைவி ஒருவர்தான். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுதும் பிறருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று சோதித்துப் பழகியவர். ஓட்டுப் போடுவது கர்தினால்கள் என்றாலும் ஞானஸ்நானம் பெற்ற எந்த ஆணையும் அவர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று கணவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பத்திரிகையை மடித்து வைத்தார்.

“அப்படின்னா நீங்களும் போட்டியிலதான் இருக்கீங்க. பத்தாவதா உங்க பேரையும் போட்டுக்க வேண்டியதுதானே? என்னை ஒரு தடங்கலா நினைக்காதீங்க.”

இரண்டாவது வாரம், சரக்கு தீர்ந்துவிட்டது. ரோமிலிருந்து ஏதாவது உள்விவரம் வேண்டும் என்று ஆசிரியர் நெருக்கினார். ஒற்றண்ணன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டார். அக்காவுக்கு ஒரு காது மந்தம். தவிர, சலவை அறையில் எந்நேரமும் ஏதோ ஒன்று கடகடத்துக்கொண்டே இருக்கும். முதல் கால் மணி நேரம் முழங்கால் வலியைப் பற்றிப் போனது. அதற்கப்புறம்தான் இவர் கேட்டார், யார் வருவார் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள் என்று.

“தீவுக்காரர்தான்டா வருவாரு. வேற யாரு இருக்கா? போன தடவையே அவர்தான் வந்திருக்கணும். கடைசி நேரத்துல வேற ஆள அனுப்பிட்டாங்க. நல்ல மனுஷன், கை சுத்தம்.”

நிச்சயமா என்று கேட்டார் தம்பி. மடத்துத் தலைவியான மதரே சொல்லிவிட்டார் என்றாள் அக்கா.

பட்டியலில் ஏழாவது இடத்தில் ஒரு தீவுக் கர்தினால் இருந்தார். வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற தீவு. அங்கிருந்தும் ஒருவர் இருக்கட்டும் என்று கணக்குக்குச் சேர்த்த பெயர். அன்றைக்கு ஒற்றண்ணன் எழுதியதில் ‘வாய்ப்புண்டு’ என்ற சொல்லே இல்லை. திங்கட்கிழமை முதல் பக்கத்தில், எட்டுப் பத்தி அகலத்தில் வந்தது: தீவுக்காரரே அடுத்த திருத்தந்தை. ரோம் வட்டாரங்கள் உறுதி.

அன்று சாயங்காலம் அக்கா தானாகவே கூப்பிட்டாள். தீவுக்காரர் வந்துவிட்டாராம். பெல்ட் அறுந்துபோயிருந்ததாம், அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டாராம். இனிமேல் மடத்துத் துணிகளைக் கையால் பிழிய வேண்டியதில்லை.

ஒற்றண்ணன், எந்த பெல்ட் என்று மெதுவாகக் கேட்டார்.

“சலவை மிஷின் பெல்ட்தான். நேத்து நீயும் அதைத்தானே அவ்வளவு அக்கறையா விசாரிச்ச?”

வாழ்நாளெல்லாம் ஊரார் பிழையைத் திருத்தியவர் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்துக்குப் பிழை விட்டிருந்தார். மனைவியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. முதலில் போய் ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் காலை ஒற்றண்ணன் தன் கையாலேயே ஒரு பிழைத் திருத்தம் எழுதி எடுத்துக்கொண்டு போனார். நேற்றைய செய்தியில் தீவுக்காரர் என்று குறிப்பிடப்பட்டவர் வேறொரு தீவைச் சேர்ந்த, சலவை இயந்திரம் பழுது பார்ப்பவர், தவறுக்கு வருந்துகிறோம் என்று இருந்தது அதில். ஆசிரியர் இரண்டு தடவை படித்தார். பிறகு தன் கைப்பேசியை நீட்டினார். ஒரு வானொலி, இரண்டு இணையதளங்கள், கடல் கடந்த ஒரு தொலைக்காட்சி, எல்லாவற்றிலும் தீவுக்காரர்.

“நாலு இடத்துல உறுதி பண்ணியிருக்காங்கண்ணே.”

“அது நாலும் நம்மகிட்ட இருந்து எடுத்தது.”

“நம்ம பேரையா போட்டிருக்காங்க? ரோம் வட்டாரங்கள்னுதானே போட்டிருக்காங்க. உங்க வட்டாரம் தப்பாவே இருக்கட்டும். அவங்க நாலு பேரோட வட்டாரமும் தப்பா இருக்குமா?”

ஒற்றண்ணன் திருத்தத் தாளை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினார். திருத்தத்தை இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்னதாகப் போடுவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டார். பதினொரு மணிக்கு அந்த இடத்தில் ஒரு மெத்தைக் கடை விளம்பரம் வந்து படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு செய்தி இவர் கையில் இல்லை. அந்தத் தீவின் வரலாறு, அந்தத் தீவின் பறவைகள் என்று மற்ற பத்திரிகைகள் போட்டன. தீவுக்காரர் சிறு வயதில் படகு ஓட்டினார் என்று ஒருவர் எழுத, நீச்சலே தெரியாதவர் என்று இன்னொருவர் எழுதினார். பங்குச் சாமியார் மறுபடி கூப்பிட்டு, தாமும் பூசையில் ஜாடையாகச் சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். ஒற்றண்ணன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். சாமியார் அவரை முந்திக்கொண்டு, பிஷப்பின் வீடான ஆயர் இல்லத்திலும் இதே பேச்சுதான், அவர்களுக்கு வேறு வழியாகத் தகவல் வந்திருக்கிறது என்றார்.

கர்தினால்கள் ஓட்டுப் போட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதற்கு முந்தைய நாள் அக்கா கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“யார்கிட்டயும் சொல்லாத. இங்க மடத்துல எல்லாரும் ஒரே பேச்சு. ஒரு தீவுல இருந்து வந்திருக்காரே கர்தினால், அவர்தானாம்.”

ஒற்றண்ணன் சிரித்திருக்க வேண்டும். அவருக்கோ புல்லரித்துப் போயிற்று. தான் தப்பாகக் கேட்டது தற்செயலாக நடந்துவிட்ட தவறில்லை, தன்னைக் கருவியாக வைத்து யாரோ சொன்ன சேதி என்று தோன்றிவிட்டது. அன்றைய பத்தியை உருகி எழுதினார். அடுத்த இரண்டு நாளும் அவர் மனதார நம்பினார். தீவுக்காரரின் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சிறப்பிதழின் முதல் பக்கத்தைத் தயார் செய்து வைத்தபோது, அதில் ஒரு பிழைகூட இருக்கக்கூடாது என்று நான்கு தடவை படித்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தொலைக்காட்சியில், தேர்வு முடிந்தது என்பதற்கு அடையாளமான வெள்ளைப் புகை வந்தது. அலுவலகம் மொத்தமும் ஆசிரியர் அறையில் நின்றது. நெடுநேரம் கழித்து மாடத்தின் திரை விலகியது. ஒருவர் வந்து லத்தீனில் ஒரு பெயரைச் சொன்னார். எல்லோரும் ஒற்றண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெயர் ஏழாவது இடத்தில் இல்லை, பட்டியலின் ஒன்பது இடங்களிலுமே இல்லை. அவர் எழுதிய பத்திகள் எதிலும் அந்த மனிதரைப் பற்றி ஓர் அரை வரிகூட வந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயருக்குரியவர் வெளியே வந்தார். வெள்ளை அங்கி தோளில் சரியாக உட்காரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே இருந்த கூட்டத்தைத் திகைப்போடு பார்த்தார். இந்த மனிதரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறதே என்று ஒற்றண்ணன் நினைத்தார். இத்தனை நாளில், அந்தப் பதவியில் உட்காரப்போகிறவரை ஒரு மனிதராக அவர் நினைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்ததில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ராசிபலன்காரர் அதைத் துக்கம் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஆசிரியருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. தீவுக்காரரின் பக்கம் குப்பைக்குப் போனது. எட்டு நிமிடத்தில் புதுத் தலைப்பு வந்தது: எதிர்பார்த்தபடியே எதிர்பாராத தேர்வு. ஒற்றண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மறுநாள் அவர் வசவுக் கடிதங்களுக்குத் தயாராக இருந்தார். ஒன்றும் வரவில்லை. தப்பாகச் சொன்னதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நகரசபைத் தேர்தலுக்கும் அவரே எழுத வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டு மூலை மேசைக்குத் திரும்பினார். அந்த வேலை ராசிபலன்காரருக்குப் போயிற்று.

வந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி பூசைக்குக் கிளம்பும்போது ஒற்றண்ணனும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். என்ன திடீரென்று என்று மனைவி கேட்டார். பூசையில் புதுத் திருத்தந்தையின் பெயரைச் சொல்லி மன்றாடுவார்கள் இல்லையா, அதைக் கேட்க வேண்டும் என்றார். பங்குச் சாமியார் அந்தப் பெயரில் இரண்டு இடத்தில் தடுக்கினார். ஒற்றண்ணன் தலை குனிந்து, தடுக்காமல் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தால், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் சாமியார் அங்கியைக் கழற்றிவிட்டு இவருக்காகக் காத்திருந்தார். ஆயருக்கு இந்த வருடம் எழுபத்தைந்து முடிகிறது, ஓய்வுக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்று பொதுவாகப் பேச்சை ஆரம்பித்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

“அந்த இடத்துக்கு யார் யார் பேரோ அடிபடுதுன்னு சொல்றாங்க. உங்க காதுல என் பேரு ஏதாவது விழுந்துச்சா?”

“இல்லை, ஃபாதர்,” என்றார் ஒற்றண்ணன். “யாரும் சொல்லலை.”

சாமியார் சிரித்தபடி, சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தெரு திரும்பியதும் மனைவி பேச்சை எடுத்தார்.

“மனுஷன் முகம் வாடிப் போச்சு. நல்லதா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?”

“சொல்லியிருந்தா இந்நேரம் பதவியை ஏத்துக்கிறதா கடிதம் எழுத உட்கார்ந்திருப்பாரு,” என்றார் அவர். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் நிழலான பக்கமாகக் கடந்து வீட்டுக்கு நடந்தார்கள்.