கற்பூர எண்ணெயும் ஒட்சிசனும்

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுக் குசினியிலிருந்து தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரையும் மணம் வந்தது. பிள்ளைக்குச் சளியாம், நெஞ்சில் தேய்க்கச் சூடாக்குகிறார்கள். நல்ல மணம்தான். எனக்கோ உடனே என் கை இரண்டையும் மணந்து பார்க்கத் தோன்றிற்று. பார்த்தும் விட்டேன். சிரிக்காதீர்கள், இந்தப் பழக்கம் எனக்குக் கடல் கடக்கிற ஒரு லோஞ்சில் வைத்துத் தொற்றியது.

அப்போது நான் மூதூர்ப் பக்கம் வேலைக்கு வந்த புதுத் தாதி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நான் 'மிஸி'. பயிற்சிக் காலத்தில் மற்றவர்கள் ஊசி போடப் பழகியபோது வாயு விதிகளில் மயங்கிக் கிடந்தவள். சிலிண்டரின் முள் காட்டும் அழுத்தத்தை அந்தச் சிலிண்டருக்குரிய எண்ணால் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் விடுகிறோமோ அதால் வகுத்தால், ஒட்சிசன் எவ்வளவு நேரம் வரும் என்று தெரிந்துவிடும். மனிதருடைய மூச்சைப் பெருக்கல் வகுத்தலில் பிடித்துவிடலாம் என்பதில் எனக்குப் பெரிய புளுகம், பெருமை பிடிபடாது. கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் விளக்கினேன். கூட வேலை செய்தவர்கள் 'கணக்கு மிஸி' என்றே கூப்பிட்டார்கள்.

ஒருநாள் தோப்பூரிலிருந்து காசிம் காக்காவை உழவு மெசின் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வயல்காரர். பழைய நெஞ்சு வருத்தம். அன்று உதடு நீலம். திருகோணமலைக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார் டொக்டர். லோஞ்சில் அவர், மனைவி ஆயிசா உம்மா, லோஞ்சோட்டுகிற தங்கராசா அண்ணன், இரண்டு சிலிண்டர், நான். கணக்குப் போட்டேன். முதல் சிலிண்டரே போதும், மற்றது சும்மா ஒரு தைரியத்துக்கு.

ஆயிசா உம்மா கற்பூர எண்ணெய்க் குப்பியோடு ஏறியவர், கணவரின் நெஞ்சில் தேய்த்தபடியே இருந்தார். ஒட்சிசனுக்குக் கிட்ட எண்ணெய் கூடாது என்றேன்.

"கையைச் சும்மா வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய, மிஸி?"

சிலிண்டர் இரண்டையும் அவர் கைக்கு எட்டாமல் தள்ளிவைத்தேன்.

மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்கு வாய்ப்பாடு கிடையாது. லோஞ்சு ஏறி ஏறி விழுந்ததே தவிர முன்னுக்குப் போகவில்லை. காக்காவுக்கு இன்னும் இழுத்தது. இரண்டு லீற்றரை நாலாக்கினேன். வகுக்கும் எண் இரட்டித்தால் விடை பாதி. நடுக்கடலில் முள் பூச்சியத்துக்கு விழுந்துவிட்டது.

இரண்டாவது சிலிண்டரைக் குழாயோடு பூட்டினேன். உப்புக்காற்றில் வால்வு இறுகிக் கிடந்தது. அதைத் திறக்கிற சாவியில் தொங்காத குறை, அசையவில்லை.

"ரெண்டு சொட்டு விடுங்கோ தங்கச்சி, வழிக்கு வரும்." தங்கராசா அண்ணன் சுக்கானைப் பிடித்தபடியே தன் மெசின் எண்ணெய்க் குப்பியை நீட்டினார். லோஞ்சில் இறுகிய எதற்கும் அவரிடம் மருந்து அதுதான்.

"ஐயோ வேண்டாம் அண்ணன்! எண்ணெய் பட்டால் பத்தும்!"

"நெருப்பில்லாமலோ?"

"ஓம், நெருப்பில்லாமல்தான்!"

ஒட்சிசன் தானாக எரியாது. ஆனால் அமுங்கிக் கிடந்து பாயும்போது எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டால் அதற்கு நெருப்புக்குச்சி தேவையில்லை. அண்ணனின் கையோ முழங்கைவரை கிறீஸ். சுக்கானை விட்டு வரவும் ஏலாது. மிச்சம் ஆயிசா உம்மாவின் கை. பலமான கை; மினுமினுவென்று எண்ணெய்.

"உம்மா, கழுவுங்கோ! கெதியாக!"

கடல் தண்ணீரில் தேய்த்தார். பிசுக்குப் போகவில்லை. குடிதண்ணீர்க் கேத்தல் ஆட்டத்தில் எப்போதோ கவிழ்ந்துவிட்டது. அவர் மடியில் ஒரு போத்தல் இருந்தது. ஊர்ப் பள்ளிவாசலில் லெப்பை ஓதி, தன் மூச்சால் ஊதிக் கொடுத்த தண்ணீர். காக்காவின் வாயில் சொட்டுச் சொட்டாக விடுவதற்கு வைத்திருந்தார்.

நான் கேட்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். அவர் காக்காவைப் பார்த்தார். காக்காவின் கண் மேலே சொருகத் தொடங்கியிருந்தது.

"மூச்சுக்கு ஓதின தண்ணிதானே, மிஸி."

மூடியைப் பல்லால் கழற்றினார். என் பையிலிருந்த சவர்க்காரத் துண்டைக் கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை ஊற்றித் தேய்த்து, என் ஏப்ரனில் துடைத்து, உள்ளங்கைகளை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க, எண்ணெய் மணக்குதா?"

சவர்க்காரம் மட்டும் மணத்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைப் பிடித்தார். முதல் தரம் அசையவில்லை. மற்றத் தரம் ஸ்ஸ் என்று காற்று வந்தது. நான் அழுதுகொண்டே வகுத்தேன்.

துறைமுகம் வரும்வரை உம்மா தன் கைகளைக் காக்காவின் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. திரும்பவும் பிசுக்கு ஒட்டிவிடுமோ என்ற பயம்.

ஜெட்டியில் இறக்கும்போது காக்காவுக்கு மூச்சு இருந்தது. பெரியாஸ்பத்திரியில் சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். நான் பார்க்கப் போன நேரம், குழாயைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரை மற்றக் கட்டிலுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். ஆயிசா உம்மா அழவில்லை. சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து அந்தக் கற்பூர எண்ணெய்க் குப்பியை எடுத்தார்.

"இனி எண்ணெய் தேய்க்கலாம்தானே, மிஸி?"

ஓம் என்றேன். எந்த விதியும் இப்போது அதைத் தடுக்கவில்லை.

அந்த லோஞ்சு பழுதாகிக் கரையில் கிடந்து, பலகை பலகையாகக் கழன்று போய்விட்டது. தங்கராசா அண்ணன் எந்தக் கரையிலோ. உம்மா குறிஞ்சாக்கேணியில் மகள் வீட்டில் என்றார்கள்; விசாரித்துப் போனேன், அங்கும் இல்லை. வாய்ப்பாடு மட்டும் மறக்கவில்லை. யாரும் கேட்டால் இப்போதும் சொல்வேன். கேட்காதவர்களையும் பிடித்துவைத்துச் சொல்கிற அந்தப் புளுகம்தான் போய்விட்டது.