நிமிர்ந்து நிற்க முடியாமல் போன சீசன்

அறுபதுகளின் நடுவில் ஒரு சாரல் சீசன். குற்றாலம் பேரருவியில் எனக்குப் பந்தோபஸ்து. போலீசில் ஏட்டாகி வெகுகாலம் ஆகியிருந்தது, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. பெண்கள் பக்கம் ஆண்கள் போகாமல் பார்க்க வேண்டும், தண்ணீர் கூடினால் விசில் ஊத வேண்டும். மற்ற நேரமெல்லாம் நிற்க வேண்டும். அந்த நிற்பதுதான் என்னால் முடியாமல் போயிற்று.

கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றால் இடுப்பில் பாரம் ஏறும். கெண்டைக்கால் வரை எரிச்சல் இறங்கும். பிறகு கால் இருப்பதே தெரியாது. உட்கார்ந்தால் சரியாகிவிடும். அருவிக்கரைத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாலும் சரியாகிவிடும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் முதுகைக் கொடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், அவ்வளவுதான்.

வினோதம் என்னவென்றால், சைக்கிளில் வலிக்காது. டியூட்டி முடிந்து தென்காசி வீடு வரை ஒரு முனகல் இல்லாமல் மிதிப்பேன். ஒருநாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் கூப்பிட்டார்.

“நிக்க முடியலேன்னு சொல்லுதீரு. சைக்கிள் மட்டும் பறக்குதே, அது எப்படிவே?”

எனக்கே அது பொய் போலத்தான் பட்டது. வீட்டில் சொன்னபோது என் மனைவி ஆச்சரியப்படவில்லை.

“நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கடைக்குப் போனாலும் பலகையில கைய ஊணிக் குனிஞ்சேதான் நிக்கிய. டாக்டர்ட்ட இத அப்படியே சொல்லுங்க. வலிக்குதுன்னு மட்டும் சொல்லாதிய.”

திருநெல்வேலியில் டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னைக் கால் மரக்கும்வரை நிற்க வைத்தார். பிறகு குனியச் சொன்னார்.

“இப்ப விட்டுருச்சா?”

“விட்டுருச்சுய்யா.”

“முதுகெலும்புக்குள்ள நரம்பு இறங்குற பாதை ஒண்ணு இருக்கு. அதோட பின்பக்கம், எலும்பை எலும்போட கட்டுற மஞ்சள் நார் இருக்கு. வாலிபத்துல ரப்பர் மாதிரி இழுபடும். வயசாக ஆக இழுவை குறைஞ்சு தடிச்சுப் போகும். நீங்க நிமிர்ந்தா அது மடிஞ்சு உள்ள புடைச்சு நரம்பை நெருக்குது. குனிஞ்சா விரிஞ்சு வழி விடுது. சைக்கிள்ல குனிஞ்சுதானே இருக்கீங்க?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ என் பக்கம் சாட்சி சொன்னது போல இருந்தது. மெட்ராஸில் ஆபரேஷன் செய்வார்கள், இப்போது அவசியமில்லை, கால் பலம் குறைந்தால் உடனே வர வேண்டும் என்றார்.

திரும்பி வந்து இன்ஸ்பெக்டரிடம் விவரம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து ஒருமுறை நிமிர்ந்தார், ஒருமுறை குனிந்தார்.

“இந்த நாரு எனக்கும் இருக்கும்லா?”

“எல்லாருக்கும் இருக்காம், ஐயா.”

மறுநாளே என்னைப் பாலத்துப் பக்கம் மாற்றினார். அங்கே இடுப்புயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் உண்டு. அதில் முழங்கையை ஊன்றி, அருவியைப் பார்த்தபடி சீசன் முழுக்க நின்றேன். “போலீசுக்காரரு வேடிக்கை பாக்காரு” என்று குளிக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அது பழகிவிட்டது.

ஓய்வு பெறும்வரை கால் பலம் குறையவில்லை. ஒரே மூச்சில் நடக்கிற தூரம்தான் வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. கோயிலுக்குப் போகும் வழியில், நான் வாய் திறப்பதற்கு முன்பே என் மனைவி ஏதாவது ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிடுவாள், தனக்குத்தான் கால் வலிக்கிறது என்று சொல்லி.