எழுத்து ஈயம்

கலியாணம் முடித்து பாலமுனையிலிருந்து இறக்காமத்துக்கு வந்த வருசமே ஈயம் உருக்கப் பழகிக்கொண்டேன். என் கணவருக்குக் குளத்துக்குக் கீழே நெல்வயல் இருந்தது. பன்றிக்காவலுக்காக அனுமதியோடு ஓர் இடியன் துவக்கு வைத்திருந்தார். வாய்ப்பக்கமாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்து இடித்து, மேலே குண்டைப் போட்டு மறுபடியும் இடிக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். அதற்கான குண்டு கடையில் கிடைக்காது, வீட்டில்தான் வார்க்க வேண்டும். அடுப்பு என் பொறுப்பில் இருந்தபடியால் அந்த வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

ஈயம் என் தாய்வீட்டிலிருந்து வரும். கடலுக்குப் போகும் என் மூத்த சகோதரர், காக்கா, கிழிந்துபோன வீச்சுவலைகளில் இருந்து கழற்றிய ஈயமணிகளைத் தகரப் பேணியில் போட்டு வைத்திருப்பார். அதை இரும்பு அகப்பையில் உருக்கி, மேலே படரும் சாம்பல்நிற ஆடையை ஒதுக்கிவிட்டு, குறடு மாதிரித் திறக்கிற அச்சுக்குள் ஊற்றுவேன். சூடு போதாவிட்டால் குண்டு சுருங்கிப்போய் வரும். திரும்ப உருக்குவேன். கறி கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில் இதுவும் ஒரு வேலையாக நடந்தது. அந்தக் குண்டு எதன் உடம்பில் போய் ஏறும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. பன்றிதானே.

எண்பதுகளின் நடுப்பகுதியில், ஒரு பெரும்போகத்தில் கதிர் பால் பிடித்திருந்த நேரம், ஒருநாள் காலை கணவர் வயலுக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"ஆன ஒண்டு நம்மட வயலுக்க படுத்திரிக்கி. எழும்பேலாமக் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். கொம்பில்லாத ஆண் யானை. முன்னங்கால் முட்டி பானையளவு வீங்கி, உடைந்து, சீழ் வடிந்துகொண்டிருந்தது. எங்கேயோ, எவரோ ஒருவருடைய வயலில் வாங்கிய வெடி. வாய்க்கால் தண்ணீரைத் தேடி வந்து சேற்றில் சரிந்திருக்கிறது. எழும்புவதற்கு அது உதைத்த இடமெல்லாம் நெல் கூழாகிக் கிடந்தது. அதன் கண்ணுக்குக் கீழே ஈரம் கோடாக இறங்கியிருந்தது.

வனவிலங்கு அதிகாரி ஒருவர் வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைத்தார். சுற்றிவந்து பார்த்துவிட்டு வரம்பில் நின்றார்.

"இது இனி எழும்பாது. டொக்டர் வரணும், பெரிய துவக்கு வரணும். நான் சொல்லித்தான் இருக்கேன். றோட்டு இரிக்கிற நிலம உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்ப இது இப்படியே கிடக்குறதா?" என்று கணவர் கேட்டார்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "நீங்க வெடி வெச்சா நான் பாக்கல்ல."

அன்று பின்னேரம் கணவர் வெடி வைத்தார். காதுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றுதான் சுட்டார். புகை விலகியபோது யானை தலையைத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டது. நான் வார்த்துக் கொடுத்த குண்டு எலும்பில் பட்டுத் தட்டையாகி, தோலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கணவர் துவக்கை வரம்பில் வைத்துவிட்டுக் குந்திவிட்டார். இரண்டாம் வெடிக்கு அவருக்குக் கை வரவில்லை.

"இது மெத்தன ஈயம் புள்ள," என்றார். "பண்டிக்குக் காணும். இதுக்குக் காணாது. சும்மா நோவக் கூட்டிப் போட்டன்."

கதையைக் கேள்விப்பட்டு மறுநாள் காக்கா வந்தார். "கல்முனையில அச்சுக்கூடத்தில எழுத்து ஈயம் இரிக்கி," என்றார். "கலியாணக் காட் அடிக்கப் போனப்ப கையில எடுத்துப் பாத்தன். வல ஈயத்துல நகத்தால கீறினாக் கோடு விழும். அதுல விழாது."

கணவர் யானையை விட்டு வர மனமில்லாமல் இருந்தார். பெண் ஒருத்தி கூட இருந்தால் பஸ்ஸில் கெடுபிடி குறைவு என்று காக்கா என்னை அழைத்துக்கொண்டு போனார்.

அச்சுக்கூடத்துக்காரர் கல்முனைத் தமிழர், நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். காக்கா ஈயம் என்று வாயெடுத்ததுமே அவருடைய முகம் மாறியது. எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பி, இந்த நாளையில இயக்கத்துக்கு ஈயம் குடுத்தவன் எண்டு ஒரு ஆள் சொன்னாப் போதும், நான் முடிஞ்சன். தயவு செஞ்சு போயிடுங்க."

காக்கா திரும்பிவிட்டார். நான் போகவில்லை. "ஐயா, ஆனைக்கு," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், தட்டையான குண்டைப் பற்றியும். அவர் மேசையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உசிர் இன்னும் கிடக்கா?"

"ஓம்."

உள்ளே போய், தேய்ந்துபோன எழுத்துகளைப் பிழையாக அடித்த அழைப்பிதழ்களில் சுற்றிக்கொண்டு வந்தார். காசு வாங்கவில்லை. "ஆர் கேட்டாலும் வலைக்கு எண்டு சொல்லுங்க. என்னைக் கண்டதாச் சொல்லாதீங்க," என்றார்.

வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் பையைத் திறந்து, சுற்றைப் பிரித்து, ஓர் எழுத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். "வலைக்கு" என்றார் காக்கா. அவருடைய கையில் இருந்த கயிற்றுத் தழும்புகளையும் சிப்பாய் பார்த்தான். எழுத்தைப் பைக்குள் போட்டுவிட்டுப் போகச் சொன்னான். 

வந்த கையோடு அடுப்பை மூட்டினேன். வலை ஈயத்தைவிட இது சீக்கிரம் உருகியது. கானாவும் மூனாவும் தலைகீழாகத் தெரிந்து, மூலை மழுங்கி, ஒன்றோடொன்று கலந்து போயின. குண்டுகள் சுருக்கம் இல்லாமல் வந்தன. தரையில் போட்டால் கல் மாதிரிச் சத்தம் கேட்டது. அவற்றை ஆறவைத்துக்கொண்டிருந்தபோது கணவர் வந்தார். வெறுங்கையோடு வந்தார்.

"துவக்கு எங்க?"

"பொலிஸ் ஜீப் வந்தது. பெர்மிட் இரிக்கிற துவக்கு எல்லாம் இண்டைக்கே ஒப்படைக்கணுமாம். பள்ளிவாசலுக்கு முன்னால வெச்சு எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டானுகள்."

"சொல்லிப் பாக்கல்லியா?"

"கெஞ்சினன். ஒரேயொரு வெடி வெச்சுப்போட்டு நானே ஸ்டேசனுக்குக் கொண்டந்து தாறன் எண்டன். ஓடர் எண்டான். அவனையும் குத்தம் சொல்லேலாது."

என் முன்னால் இருந்த குண்டுகளை அவர் பார்த்தார். ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். கோடு விழவில்லை. திரும்ப வைத்துவிட்டார்.

அதன்பிறகு எங்களால் செய்ய முடிந்தது தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான். வாய்க்காலில் அள்ளி அதன் வாயோரம் ஊற்றுவோம். தும்பிக்கை நுனியால் வாளியின் விளிம்பைத் தடவும். சில நேரம் குடிக்கும், சில நேரம் அப்படியே வழியவிடும். வேடிக்கை பார்க்க வந்த சனம் மிச்சமிருந்த நெல்லையும் மிதித்தது. அவர்களைப் போகச் சொல்லவும் எங்களுக்குத் தெம்பு இருக்கவில்லை.

"தண்ணி குடுக்குறது அதுட நோவ நீட்டுறதோ தெரியல்ல," என்றார் கணவர்.

"குடுக்காம இரிக்கேலுமா?"

"ஏலாது."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பும் நேரத்தில் அது மவுத்தானது. பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. விலாப்பக்கம் ஒருமுறை ஏறி இறங்கியது, பிறகு ஏறவில்லை. கணவர் வந்து, காதின்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். குழி தோண்டித் தாட்டுவதற்கு இயந்திரம் கிடைக்கவில்லை. பழைய டயரும் வைக்கோலும் போட்டு எரித்தார்கள். அந்தப் பக்கத்து நெல்லை நாங்கள் வெட்டவில்லை.

துவக்கைக் கேட்டு கணவர் பொலிஸுக்குப் போய்ப்போய் வந்தார். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள், பிறகு பதில் சொல்வதையே விட்டார்கள். அடுத்த போகத்தில் பன்றி இறங்கியபோது நாங்கள் இரண்டு பேரும் காவல் வாடியில் நின்று தகரத்தைத் தட்டினோம். பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பவும் குனிந்து தின்றன.